பதினோராவது வரி: துருப் பிடிக்காமல் பார்க்கவும்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் என் பட்டியல் ஒன்று எப்போதும் ஒட்டியிருக்கும். பட்டியல் போடாமல் நான் பல்கூடத் தீட்டமாட்டேன் என்று அப்பா சொல்வார். அது மிகை. பல் தீட்டுவது பட்டியலில் இருந்தது, நாங்கள் நாடு மாறிவந்த முதல் மாதத்தில் மட்டும்தான். எதை மறப்போம் என்று தெரியாத காலம் அது. எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். அம்மாவும் வாசிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதினேன். அந்த ஒரு வசதியால், ஒரு பிரேசில் நாட்டு வடிவியல் பேராசிரியையின் நிரந்தர வேலை ஏறக்குறையக் கைநழுவிப் போனது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆக்லாந்தின் தெற்கே, பாபடோயிட்டோயில் எங்கள் வீடு. யாழ்ப்பாணத்தில் கட்டட வரைபடங்கள் வரைந்த அப்பா, இங்கே விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் பெட்டிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். அம்மா வீட்டிலிருந்தபடி எங்கள் சேர்ச் ஆட்களுக்குச் சேலைச் சட்டை தைத்தார். நான் நகரத்துக்குள், ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் தொழில்நுட்ப உதவியாளர். உறைந்துபோன கணினிகளை எழுப்புவது, அச்சு இயந்திரத்தில் சிக்கிய தாளை உருவுவது, பேராசிரியர்கள் கையால் எழுதிய கட்டுரைகளைக் கணினியில் ஏற்றுவது. வேலை விவரத்தில் இந்த ஒழுங்கில்தான் இருந்தது.

பேராசிரியை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். குட்டையான உருவம். ஓர் அறைக்குள் அவர் வருவதற்கு முன்பே அவருடைய சிரிப்பு வந்துவிடும். மோட்டலில் தங்கி ரொட்டியும் வாழைப்பழமும் தின்றுகொண்டிருந்தவரை, எங்கள் வீட்டின் பின்னால் தனியாக நிற்கும் அறை காலியாக இருக்கிறது என்று சொல்லி அழைத்து வந்தது நான்தான். ஒரு சூட்கேசும் பதினான்கு அட்டைப் பெட்டிகளும் அவருடன் வந்தன. பெட்டிகளின் மேல் நான்கு மொழிகளில் முகவரிகள் எழுதி, வெட்டி, மேலே மேலே எழுதப்பட்டிருந்தன. சூட்கேசை அன்றைக்கே திறந்தார். பெட்டிகளைத் திறக்கவில்லை. ஆறு மாதம் போயும் திறக்கவில்லை.

அம்மா அவரை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஒரு சனிக்கிழமை, இடியப்பத் தட்டை நீட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, உந்தப் பெட்டியளுக்கை என்ன கிடக்கெண்டு ரீச்சரைக் கேள். ஈரத்திலை பூச்சி பிடிச்சிடும்."

கேட்டேன். ரீச்சரின் ஆங்கிலம் போர்த்துக்கீசத் தாளத்தில் துள்ளும்; அதை இங்கே தமிழில்தான் தரமுடியும். அவர் சொன்னது இது:

"நான் பெட்டியைத் திறந்தால் போகச் சொல்லிவிடுவார்கள். மூன்று நாடுகளில் அப்படித்தான் நடந்தது. புத்தகங்களை அடுக்கி முடிப்பேன். ஒப்பந்தம் முடிந்தது என்று கடிதம் வரும். நிரந்தர வேலை கிடைக்கிற இடத்தில்தான் இனித் திறப்பது."

இதை அம்மாவிடம் சொன்னால் மூடநம்பிக்கை என்று சிரிப்பார் என நினைத்தேன். அம்மா மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

"அது சரிதானே. நாங்களும் ரெண்டாந்தரம் இடம்பெயர்ந்தாப் பிறகு சட்டிபானையை மூட்டையாலை எடுக்கேல்லை."

நான் செய்யக்கூடியதைச் செய்தேன். பெட்டிகளுக்கு ஒன்றிலிருந்து பதினான்கு வரை இலக்கமிட்டு, உள்ளே என்ன என்று ரீச்சரைக் கேட்டு எழுதினேன். ஒன்று, புத்தகம். இரண்டு, புத்தகம். மூன்று, புத்தகமும் ஒரு குளிர் கோட்டும். இப்படியே போய் ஒன்பதாம் பெட்டியில் நின்றார். தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஒன்பது: தெரியாது" என்று எழுதினேன். என் பட்டியல்களில் அப்படி ஒரு வரி அதற்கு முன் இருந்ததில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல்லுக்குள் நார் சிக்கியதுபோல இருக்கும்.

இரண்டாம் வருடத்தின் நடுவில் துறையில் ஒரு நிரந்தர இடம் வந்தது. வடிவியலுக்கே வந்தது. துறைத் தலைவர், குளிர்காலத்திலும் அரைக்காற்சட்டை போடும் நல்ல மனிதர், ரீச்சரிடம் மூன்று விடயங்கள் கேட்டார்: இரண்டு பக்கத்தில் தன்விவரம், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், கணிதம் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி ஒரு பொதுச் சொற்பொழிவு. தேர்வுக் குழு முன்வரிசையில் இருக்கும்.

ரீச்சர் ஒரு பிஸ்கட் ரின்னைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "என் வாழ்க்கை," என்றார்.

ரின்னுக்குள் கடித உறைகள், மாநாட்டு அட்டைகள், பின்பக்கத்தில் சமன்பாடு எழுதிய ரயில் ரிக்கெற்றுகள். இவற்றிலிருந்து ஒரு மனுஷியின் முப்பது வருடத் தொழிலைக் கால ஒழுங்கில் அடுக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. மதிய உணவு நேரத்தில் நான் கேட்பேன், அவர் கைகளை வீசிக்கொண்டு சொல்வார்.

பிறந்தது பிரேசிலின் வடகிழக்கில், மழை பெய்யாத ஓர் உள்நாட்டு ஊர். தாயார் தொப்பி தைப்பவர். பதினொரு வயதில் ஒரு தொப்பியை மேசையில் தட்டையாக விரிக்கப் பார்த்திருக்கிறார், கிழிக்காமல் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டதற்குத் தாயார் தலையில் குட்டியிருக்கிறார், தொப்பி கிழிந்துவிட்டதால். "அந்தக் கேள்விக்கு முறையான பதிலைப் பத்து வருடம் கழித்துத்தான் படித்தேன். குட்டு மட்டும் உடனே கிடைத்தது." பிறகு புலமைப்பரிசில், ரியோ, வகுப்பில் நாற்பது ஆண்களும் இவரும். இராணுவ ஆட்சி வந்து அவருடைய ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வேலை இழந்தபோது, ஐரோப்பாவுக்கு ஒரு சூட்கேசுடன் கிளம்பிவிட்டார். கலாநிதிப் பட்டம் ஒரு நாட்டில். திருமணம் இன்னொரு நாட்டில், மணமுறிவு மூன்றாவது நாட்டில். இரண்டு பத்திரங்களும் அவருக்கு அப்போது தெரியாத மொழிகளில் இருந்தன. "கையெழுத்துப் போடும் கோடு மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றுதான்." அதன்பிறகு இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே.

"ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டேன். குழுவும் கேட்கும் என்பதால் பட்டியலில் இருந்த கேள்வி.

"கடைசி வேலை தெற்கு ஸ்பெயினில். பூகோள உருண்டையை எடுத்துப் பார். அதற்கு நேர் எதிர்ப்புறம் ஆக்லாந்து. இங்கேயிருந்து எந்தத் திசையில் போனாலும் திரும்பிப் போகிற மாதிரித்தான். இதற்கு மேல் போக உருண்டையில் இடமில்லை."

அதை நான் "ஆசிய-பசிபிக் பிராந்தியத்தில் நீண்டகால ஆர்வம்" என்று எழுதினேன்.

இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, அவருடைய மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை பிழையானது. நான்காம் பக்கத்தில் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டார். அதைத் திருத்துவதற்காக மட்டும் பல நாடுகளில் பலர் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அதைப் பட்டியலின் அடியில் வைப்போம் என்றேன். அவர் கேட்கவில்லை.

"முதலில் போடு. சரியான கட்டுரைகளை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. என் பிழை என்னைவிட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது."

இரண்டாவது, நடுவில் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த மூன்று வருடமும் வேலை கிடைக்காமல் ஒரு நீச்சலுடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் வரைபடம் போட்டிருக்கிறார். அதைத் "தொழில்துறை அனுபவம்" என்ற தலைப்பின் கீழ் நான் ஏற்றினேன். தலைப்பு அழகாக இருந்தது. வீட்டில் சொன்னபோது அம்மாவின் தையல் மெஷின் நின்றுவிட்டது.

"நீச்சல் உடுப்போ? பிள்ளை, அதைச் சேர்ச்சிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை." கொஞ்ச நேரம் தைத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். "கைவெட்டை எப்பிடி எடுப்பினமாம்? கேட்டுச் சொல்."

சொற்பொழிவுக்கு ரீச்சர் எடுத்த விடயம் சவர்க்காரப் படலம். அவருடைய தொழிலே அதுதான் என்று சொல்லலாம். ஒரு கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் தோய்த்துத் தூக்கினால் மெல்லிய படலம் ஒன்று நிற்கும் அல்லவா? கம்பியை எப்படி வளைத்தாலும், அந்த எல்லைக்குள் தன்னால் முடிந்தவரை பரப்பைக் குறைத்துக்கொண்டு அது நிற்கும். அப்படிப்பட்ட வடிவங்களைத்தான் அவர் முப்பது வருடம் ஆராய்ந்தார். "உலகத்தில் எல்லோரும் கூடுதலாகத் தா என்கிறார்கள்," என்பார். "இது ஒன்றுதான் குறைவாகப் போதும் என்கிறது. அதற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்."

கம்பிச் சட்டங்கள் வேண்டும் என்றதும் அப்பா எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். பெட்டி நிறுப்பதற்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரிடம் ஒரு வரைபடம் கேட்டதில்லை. ஒரு கனசதுரம், ஒரு நான்முகி, ஒரு சுருள், அளவான இரண்டு வளையங்கள். தாளில் மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம், மூலையில் தலைப்புப் பெட்டி, அதில் திகதி, கையொப்பம். கொங்கிறீட் கம்பிகளைக் கட்டும் மெல்லிய இரும்புக் கம்பியை வாங்கி வந்து, வேலைத்தளத்து நண்பர் ஒருவரைக் கொண்டு மூலைகளை ஒட்டுவித்தார். சனிக்கிழமை சமையலறையில் ஒத்திகை பார்த்தோம். பாத்திரம் கழுவும் திரவம், தண்ணீர், மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரின். கனசதுரத்தைத் தூக்கியபோது உள்ளே பன்னிரண்டு படலங்கள் நடுவில் ஒரு சின்னச் சதுரத்தில் வந்து சந்தித்தன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தொண்ணூறு பாகைதான்," என்றார். தன் மூலைகளைப் பற்றிச் சொன்னார்.

ஞாயிறு காலையில் கம்பிகளில் செம்மஞ்சள் புள்ளிகள். ஆக்லாந்து ஈரம்; ஓர் இரவு போதும். நான் கலங்கவில்லை. சொற்பொழிவுக்கான பட்டியல் பிரிட்ஜில் இருந்தது, இருபத்திமூன்று வரிகள். பதினொன்றாவது வரியில் "கம்பிச் சட்டங்கள்" என்று மட்டும் இருந்ததற்குப் பக்கத்தில் எழுதினேன்: "துருப் பிடிக்காமல் பார்க்கவும்."

யார் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. அன்றைக்கு வரை என் பட்டியல் எதிலும் நான் பெயர் எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவை ஏன் வரவில்லை என்பதும் எனக்கு அன்றைக்கு வரை தோன்றியதில்லை. பெயரில்லாத வேலை எல்லாவற்றையும் அந்த வீட்டில் செய்துகொண்டிருந்தது ஒருவர்தான்.

செவ்வாய் பின்னேரம் சொற்பொழிவு. நான் வேலையிலிருந்து நேரே மண்டபத்துக்குப் போய்விட்டேன். அம்மாவும் அப்பாவும் காரில் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். கம்பிகள் கறுப்பாக, மினுமினுவென்று, ஒரு புள்ளி துருவில்லாமல் கிடந்தன. எவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே பதினொன்றுக்குச் சரி போட்டேன்.

பொதுச் சொற்பொழிவு என்றால் வழக்கமாகத் துறை ஆட்கள் பன்னிரண்டு பேரும், மழைக்கு ஒதுங்கிய ஒருவரும் வருவார்கள். அன்றைக்கு ஏழு அன்ரிமார் வந்தார்கள். "எங்கடை ரீச்சரின்ரை வேலை இதிலைதான் கிடக்கு" என்று அம்மா சேர்ச்சில் சொல்லியிருக்கிறார். ஒருவருடைய வேலைக்காகப் போவதென்றால் எப்படிப் போக வேண்டுமோ அப்படி வந்திருந்தார்கள்: பட்டுச்சேலை, கழுத்தில் சங்கிலி, இரண்டு பெரிய தட்டு நிறையப் பொரித்த றோல்ஸ். நேரே முன்வரிசைக்குப் போய், தேர்வுக் குழுவுக்கு என்று இருக்கைகளில் வைத்திருந்த தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். குழு இரண்டாம் வரிசைக்குப் போனது. குழுவில் கடுமையானவர் பொறியியல் பீடத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர். இதனால் என்ன பயன் என்று எல்லோரிடமும் கேட்பவர் எனப் பெயர் பெற்றவர். ஓர் அன்ரியின் கொண்டைக்குப் பின்னால் அவருடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

துறைத் தலைவர் வரவேற்க எழுந்தார். அவருக்கு முன்னரே மூத்த அன்ரி எழுந்துவிட்டார். கண்களை மூடி, கைகளைக் குவித்து, தமிழில் செபம் தொடங்கினார். ரீச்சருக்காக, ரீச்சரின் தொண்டைக்காக, மேலே இருக்கிறவையின் மனம் இளகுவதற்காக. "மேலே இருக்கிறவை" என்றபோது இரண்டாம் வரிசையைக் கையால் காட்டினார். எனக்கு வியர்த்தது. ஆனால் இந்த நாட்டில் கூட்டங்களை மாவோரி மொழியில் ஒரு கரகியாவுடன், அதாவது செபத்துடன், தொடங்குவது உண்டு. துறைத் தலைவர் அமைதியாகத் தலை குனிந்து நின்றார். குழுவும் நின்றது. முடிந்ததும், "மிக நன்றாக இருந்தது," என்றார் மெய்யாகவே.

ரீச்சர் தொடங்கினார். தொப்பிக் கதையைச் சொன்னார், சிரித்தார்கள். பிழையான கட்டுரையின் கதையைச் சொன்னார்; கணிதக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அப்பாவின் கனசதுரத்தை உயர்த்திக் காட்டி, மெதுவாகச் சவர்க்கார நீருக்குள் இறக்கி, மெதுவாகத் தூக்கினார்.

ஒன்றுமில்லை. கம்பி மட்டும் வந்தது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது.

மறுபடி தோய்த்தார். ஒரு படலம் வந்து, கண் சிமிட்டுமுன் போனது. நான்முகியைத் தோய்த்தார். சுருளைத் தோய்த்தார். வளையங்களைத் தோய்த்தார். பொறியியல்காரரின் நெற்றி குனிந்து ஏதோ எழுதியது. ரீச்சர் கனசதுரத்தை மூக்கருகே கொண்டுபோனார்.

"வெங்காயம்," என்றார். சட்டையில் ஒலிவாங்கி இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

நான் முன்வரிசைக்கு ஓடி அம்மாவின் பக்கத்தில் குந்தினேன்.

"அம்மா, கம்பிக்கு என்ன செய்தனீங்கள்?"

"நீதானே பிள்ளை துருப் பிடிக்காமப் பாக்கச் சொல்லி எழுதி ஒட்டினனீ!" அம்மாவின் முகத்தில் பெருமை. "புதுத் தோசைக்கல்லுக்குச் செய்யிற மாதிரிச் செய்தனான். நல்லெண்ணெய் பூசி, அடுப்பிலை காட்டி, வெங்காயத்தாலை தேய்ச்சு, திருப்பியும் எண்ணெய் தடவி வைச்சனான். இனி ஒரு வருசத்துக்குத் துரு வராது."

"ஒரு மணித்தியாலம் வராமல் இருந்தாப் போதும் அம்மா. எண்ணெய் பட்டால் சவர்க்காரம் நிக்காது."

அம்மாவுக்கு விளங்க ஒரு நொடி போதுமாயிருந்தது. எத்தனை வருடம் எண்ணெய்ச் சட்டி கழுவியவர். கை வாய்க்குப் போனது. "ஐயோ, ரீச்சரின்ரை வேலை!"

பக்கத்து அன்ரி கிசுகிசுப்பதாக நினைத்து உரக்கச் சொன்னார்: "நான் அப்பவே யோசிச்சனான், ஆரோ தோசை சுடுகினமெண்டு."

ரீச்சர் மேடையிலிருந்து என்னைக் கேட்டார். நான் சொன்னேன். தோசைக்கல், நல்லெண்ணெய், வெங்காயம், பட்டியலின் பதினோராவது வரி, எல்லாம். எனக்கு ஒலிவாங்கி இல்லை, ஆனால் அவ்வளவு அமைதியில் தேவைப்படவில்லை. அவர் கேட்டுக்கொண்டே வந்து, தலையைப் பின்னால் சாய்த்து, அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"நண்பர்களே, எண்ணெய் இருக்கும் இடத்தில் சவர்க்காரப் படலம் நிற்காது. இப்போது ஐந்து முறை பரிசோதித்து உறுதிப்படுத்தியிருக்கிறோம். என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவான முடிவு எனக்குக் கிடைத்ததில்லை."

சிரித்தார்கள். ஆனால் நான் அவருடைய கையைப் பார்த்தேன். கனசதுரத்தைப் பிடித்திருந்த விரல்கள் இறுகி வெளுத்திருந்தன. பின்னறையில் பதினான்கு பெட்டிகள்.

அப்போது அவருடைய பார்வை அம்மாவின் கையில் நின்றது. வாயில் வைத்த கை. அதில் காப்புகள், தங்க வளையல்கள், நெருக்கமாக, எல்லாம் ஒரே அளவு.

"அதில் இரண்டு எனக்கு வேண்டும்," என்றார்.

மொழிபெயர்த்தேன். முன்வரிசை முழுக்கக் கிளம்பிவிட்டது.

"என்ரையை எடுங்கோ ரீச்சர், இருபத்திரண்டு கரட்!"

"உம்மடை காப்பிலை வேலைப்பாடு கூட. இது மட்டமாக் கிடக்கு, இதைக் குடுப்பம்."

"ஒருத்தரும் குடுக்க வேண்டாம்," என்றார் அம்மா எழுந்து. "நான் கெடுத்தது, நான்தான் குடுப்பன்." மேடைக்கு ஏறிவிட்டு, பாதியில் நின்றார். "பிள்ளை, இது கலியாணத்துக்குப் போட்டது. ஒருநாளும் கழட்டேல்லை. இனிச் சும்மா கழராது. சவர்க்காரம் போட்டாத்தான்."

அதையும் மொழிபெயர்த்தேன். ரீச்சர் மேசையில் இருந்த, எண்ணெய் மிதக்கும், பத்து லீற்றர் சவர்க்காரப் பேசினை இரண்டு கைகளாலும் அம்மாவை நோக்கித் தள்ளினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அம்மா முழங்கை வரை உள்ளே விட்டார். அப்பா எழுந்து வந்து இழுத்தார். "மெல்ல, மெல்ல," என்றார் அம்மா. "மெல்லத்தான் இழுக்கிறன், கையை ஒடுக்கிப் பிடியும்," என்றார் அப்பா. முப்பது வருடத்துக்கு முன் அவர் போட்டவை. ஒன்று வந்தது. மற்றதும் வந்தது.

இந்த இடத்தில் என் பட்டியலைப் பற்றியும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பதினான்காவது வரி: மேலதிகச் சவர்க்கார நீர், ஒரு போத்தல். பதினைந்தாவது வரி: மேலதிகப் பேசின். மேசையோரத்துக் குழாயில் காப்புகளை மூன்று முறை தேய்த்துக் கழுவி, புதிய பேசினில் புதிய நீரை ஊற்றிக் கொடுத்தேன்.

ரீச்சர் விரல்களை நனைத்துக்கொண்டு, இரண்டு காப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோய்த்து, மெல்லப் பிரித்தார். நடுவில் ஒரு சின்ன வட்டப் படலம் நின்றது. ஈரமில்லாத விரலால் நான் அதைக் குத்தினேன். ஒத்திகையில் அது என் வேலை. உடனே இரண்டு காப்புகளுக்கும் நடுவே படலம் உள்வாங்கி, இடை ஒடுங்கிய ஓர் உடுக்கையைப்போல நின்றது. ஓவர்ஹெட் புரொஜெக்டரின் வெளிச்சத்துக்கு மேலே பிடித்தார். சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு அதன் நிழல்.

"இந்த இரண்டு வளையங்களுக்கும் நடுவில் எத்தனையோ மேற்பரப்புகளை வரையலாம். இந்தப் படலம் படித்ததில்லை, ஆனால் இதைவிடச் சிக்கனமாக ஒன்றை நானும் வரையமுடியாது. இதன் ஓரக் கோட்டைப் பாருங்கள்." மூத்த அன்ரியைக் காட்டினார். "உங்கள் கழுத்தில் சங்கிலி தொங்குகிறதே, அதே வளைவு. பக்கவாட்டில் திருப்பியிருக்கிறது, அவ்வளவுதான்."

மூத்த அன்ரி சங்கிலியைக் குனிந்து பார்த்தார். ஏழு அன்ரிமாரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்த குழு, வேறு வழியில்லாமல், எட்டிப் பார்த்தது.

"எவ்வளவு தூரம் பிரிக்கலாம்?" என்று பின்னால் ஒரு குரல். பொறியியல்காரர்.

"வந்து பிரித்துப் பாருங்கள்."

வந்தார். கோட்டின் கையை மடித்தார். ஒரு காப்பு ரீச்சரின் விரல் நுனியில், மற்றது அவருடையதில். அங்குலம் அங்குலமாக இழுத்தார். நிழலின் இடை ஒடுங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் சட்டென்று இடை அறுந்து, ஒவ்வொரு காப்பிலும் ஒரு தட்டைப் படலம் ஒட்டிக்கொண்டது. அன்ரிமார் "ஐயோ!" என்றார்கள். அம்மா தன் காப்பு உடைந்துவிட்டதென்று பாதி எழுந்துவிட்டார்.

"எல்லை தாண்டினால் ஒவ்வொரு காப்பும் தன் படலத்தோடு நின்றுவிடும், மற்றக் காப்புத் தேவையில்லை," என்றார் ரீச்சர். "அந்த எல்லை எங்கே என்று கணக்கிடலாம். இப்போது நீங்கள் நிரூபித்தது ஒரு தேற்றம். நன்றி."

"இன்னொரு தரம்," என்றார் பொறியியல்காரர்.

நான்கு தரம் இழுத்தார். கேள்வி நேரத்தில் அவர் பயனைப் பற்றிக் கேட்கவில்லை. தன்விவரத்தை எடுத்து, "இந்த நீச்சலுடைத் தொழிற்சாலையில் உண்மையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"நீங்கள் இப்போது செய்ததைத்தான். துணியில்."

அன்ரிமாருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். முன்வரிசை திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா கூரையைப் பார்த்தார்.

காப்புகள் ஈரக் கைக்குச் சுலபமாகத் திரும்ப ஏறின. றோல்ஸ் முழுவதும் முடிந்தது. துறைத் தலைவர் ஐந்து எடுத்தார். நான் அன்று இரவே புதிய விதி ஒன்றை எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன்: ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர். மறுநாள் பார்த்தபோது, பாத்திரம் கழுவுவதற்கு எதிரே அம்மா என் பெயரை எழுதியிருந்தார்.

பிறகு மூன்று கிழமை ஒன்றும் வரவில்லை. ரீச்சர் வழக்கம்போலச் சிரித்தார், ஆனால் பின்னறையில் பெட்டிகளைச் சுவரோரமாக, லொறியில் ஏற்றுவதற்கு வசதியாக, அடுக்கத் தொடங்கியிருந்தார். அம்மா தினமும் கேட்பார்: "கடிதம் வந்ததே?" இல்லையென்றால், "எல்லாம் என்ரை எண்ணெயாலை," என்று மெஷினை மிதிப்பார். அந்த மூன்று கிழமையில் அம்மா தைத்த சட்டைகளில் இரண்டுக்குக் கைகள் மாறித் தைக்கப்பட்டிருந்தன.

கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. ரீச்சர் என் மேசைக்கு வந்து, அதைத் திறந்தபடியே விசைப்பலகையின் மேல் வைத்தார். நிரந்தரம் என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உன்னிடம் கத்தி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை பெட்டிகளைத் திறந்தோம். அப்பா புத்தக அலுமாரிக்கு வரைபடம் போட்டுச் சட்டை மாற்றித் தயாராக நின்றார். நான் பட்டியலுடன் நின்றேன். ஒன்று, புத்தகம், சரி. இரண்டு, சரி. மூன்றில் கோட்டைப் பூச்சி தின்றிருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் பொறுக்கமாட்டாமல் ஒன்பதை இழுத்தேன்.

ஒன்பதுக்குள் ஒரு பழைய போர்வை. போர்வைக்குள் செய்தித்தாள். செய்தித்தாளுக்குள் ஒரு கனசதுரம், ஒரு நான்முகி, ஒரு சுருள், அளவான இரண்டு வளையங்கள். ரியோவில் யாரோ ஒரு கைதேர்ந்தவர் செய்த சட்டங்கள். பித்தளை. ஒரு பொட்டுத் துரு இல்லை.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் ரீச்சரைப் பார்த்தேன். இரண்டு வருடமாக அம்மாவின் துணிக் கொடியிலிருந்து பத்து அடி தூரத்தில் அவை கிடந்திருக்கின்றன.

"உன் அம்மாவிடம் சொல்லாதே," என்றார் மெதுவாக. "வருத்தப்படுவார்."

நான் "ஒன்பது: தெரியாது" என்ற வரியை வெட்டி, "கம்பிச் சட்டங்கள்" என்று எழுதினேன். எழுதி நிமிர்ந்தபோது அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் எதையும் காணவில்லை. கையை நீட்டி ஒரு வளையத்தை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, விரலால் உரசிப் பார்த்தார்.

"பித்தளையே? கறுத்துப்போய்க் கிடக்கு," என்றார். "கொண்டாங்கோ ரீச்சர், பழப்புளி போட்டு மினுக்கித் தாறன்."